பெயரை மட்டும் விட்டுச் சென்ற சனிக்கிழமை
(சின்னத்திரைச் சிரிப்பின் கதை – 14)

திருவாலங்காட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பத்ரகாளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வடாரண்யேசுவரர் சன்னிதிக்குப் போகவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஈசனுக்கும் காளிக்கும் இங்கே ஆடற்போட்டி நடந்தது. ஆட்டத்தின் நடுவே கீழே விழுந்த காதணியைக் காலாலேயே எடுத்து, அந்தக் காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டிக்கொண்டார் ஈசன். அதுதான் ஊர்த்துவ தாண்டவம். காளியால் அப்படி ஆட முடியவில்லை. வென்றவருக்கு இரத்தின சபை. தோற்றவளுக்கு முதல் கும்பிடு.

இந்த ஊர்க்காரன் சிரிப்பின் வரலாற்றை எழுதும்போது தோற்றவர்களைத் தாண்டிப் போக மனம் வராது. இதுவரை வந்த பதின்மூன்று பகுதிகளில் வென்ற நிகழ்ச்சிகளைப் பார்த்தோம். இந்த வாரம் தோற்ற நிகழ்ச்சி ஒன்று. பதினெட்டே வாரம் ஓடியது. ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம் தன்னிடம் இருந்த அத்தனை செல்வாக்கையும் கொட்டி நடத்தியது. அப்படியும் ஆள் சேரவில்லை. ஆனால் அதன் பெயரை இன்றைக்கும் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் வேறொரு நிகழ்ச்சியை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

1975-ஆம் ஆண்டு. ஜூன் மாதம் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு நாடே வாயடைத்துக் கிடந்த நேரம். ஆகஸ்டு 9-இல் கல்கத்தாவுக்கும், ஆகஸ்டு 15-இல் சென்னைக்கும் தொலைக்காட்சி வந்தது. கருப்பு வெள்ளைப் படம், ஒரே ஒரு அலைவரிசை, அதுவும் மாலையில் சில மணி நேரம். தெருவில் எந்த வீட்டில் பெட்டி இருக்கிறதோ அங்கே ஊரே உட்காரும். எது ஒளிபரப்பானாலும் பார்த்தாக வேண்டும். மாற்றிப் பார்க்க இன்னொரு அலைவரிசை கிடையாது. பார்வையாளர் கிடைக்காமல் ஒரு நிகழ்ச்சி செத்துப்போகலாம் என்ற எண்ணமே நம் நாட்டில் அன்று யாருக்கும் தோன்றியிருக்க முடியாது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. என்று மூன்று பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அடித்துக்கொண்டன. எத்தனை வீட்டில் எந்த நிகழ்ச்சி ஓடியது என்ற கணக்கு வந்துகொண்டே இருக்கும். அதில் பின்தங்கினால் விளம்பரக்காரர் போய்விடுவார். அந்தக் களத்தில் சனிக்கிழமை இரவைப் பிடிக்க ஏ.பி.சி. ஒரு திட்டம் போட்டது. 1975 செப்டம்பர் 20 அன்று, சென்னையில் தொலைக்காட்சி தொடங்கி ஐந்து வாரம் கழித்து, நியூயார்க்கில் அந்த நிகழ்ச்சி ஆரம்பமானது. பெயர்: சாட்டர்டே நைட் லைவ் வித் ஹோவர்ட் கோசெல்.

ஹோவர்ட் கோசெல் யார் என்பதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். அவரைத் தெரியாவிட்டால் இந்தத் தோல்வி புரியாது.

1918-இல் பிறந்து, புரூக்ளினில் வளர்ந்து, சட்டம் படித்து வக்கீலாக இருந்தவர். அதை விட்டுவிட்டு விளையாட்டு வர்ணனைக்கு வந்தார். மூக்கால் பேசுகிற குரல், நீட்டி நிறுத்திச் சொல்லும் பாணி, அகராதியிலிருந்து எடுத்துப் போட்டதுபோல் நீளமான சொற்கள். மனத்தில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். அவரைப் பிடித்தவர்களும் உண்டு, கேட்டாலே எரிச்சல்படுகிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் அவர் பேசுவதைக் கேட்காமல் இருக்கவில்லை.

நம் ஊரில் அவரை அடையாளம் காட்ட முகமது அலியைச் சொன்னால் போதும். காசியஸ் கிளே தன் பெயரை முகமது அலி என்று மாற்றிக்கொண்டபோது அமெரிக்கப் பத்திரிகையாளர் பலர் பழைய பெயரையே பிடிவாதமாக எழுதினார்கள். கோசெல் புதுப் பெயரால் அழைத்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-இல் அலியின் பட்டத்தைப் பறித்தபோது, அது அநியாயம் என்று ஒலிபரப்பில் பேசினார். 1980-இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டிக்கு வந்து, எம்.ஜி.ஆரோடு நின்று படம் எடுத்துக்கொண்டாரே, அந்த அலிதான். அவருடைய குத்துச்சண்டை வாழ்க்கையை அமெரிக்கா பாதி கண்ணால் பார்த்தது என்றால், மீதியைக் கோசெலின் குரலால் கேட்டது. 1970-இல் ஏ.பி.சி. தொடங்கிய திங்கட்கிழமை இரவுக் கால்பந்து ஒளிபரப்பு அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

அந்தக் கால்பந்து ஒளிபரப்பை உருவாக்கியவர் ரூன் ஆர்லெஜ். விளையாட்டைக் கதையைப்போல் காட்டத் தெரிந்தவர், தன் துறையில் மேதை. திங்கட்கிழமை வென்றவர் சனிக்கிழமையும் வெல்வார் என்று அவர் நினைத்தார். எட் சல்லிவன் என்ற பத்திரிகையாளர் இருபது வருடத்துக்கு மேல் ஒரு பல்சுவை நிகழ்ச்சியை நடத்தி, 1964-இல் பீட்டில்ஸ் குழுவை அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்தவர். அவருக்குப் பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, சிரிக்க வைக்கவும் தெரியாது. மேடையில் விறைப்பாக நின்று அடுத்தவரை அழைப்பார். அவர் நிகழ்ச்சி 1971-இல் நின்றுவிட்டது. அந்த நாற்காலி காலியாக இருக்கிறது, கோசெலை உட்கார வைக்கலாம் என்பது கணக்கு. அதற்காக அதே எட் சல்லிவன் அரங்கத்தையே பிடித்தார்கள்.

முதல் நாள் மேடையில் யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். பாடகர்கள் ஃபிராங்க் சினாட்ராவும் ஷெர்லி பாஸியும். டென்னிஸ் வீரர் ஜிம்மி கானர்ஸ் ராக்கெட்டை வைத்துவிட்டுப் பாட்டுப் பாடினார். சீக்ஃபிரீட், ராய் இரட்டையர் வித்தை காட்டினார்கள். ஸ்காட்லாந்தின் பே சிட்டி ரோலர்ஸ் பாட்டுக் குழு லண்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாகத் தோன்றியது. அமெரிக்கப் பெண்பிள்ளைகள் பீட்டில்ஸைப் பார்த்துக் கூச்சலிட்டதுபோல் இவர்களைப் பார்த்தும் கூச்சலிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். எல்லாம் நேரலை.

இத்தனைக்கும் இடையில் ஒரு சிறு நாடகக் குழுவும் இருந்தது. இந்தத் தொடருக்கு அதுதான் முக்கியம். பில் மர்ரி, அவருடைய அண்ணன் பிரையன் டாயல்-மர்ரி, கிறிஸ்டோபர் கெஸ்ட். மூவரும் அப்போது பெயர் தெரியாத இளைஞர்கள், குறு நாடகத்தில் கை தேர்ந்தவர்கள். முன்னிரவு நேரத்து நடிகர்கள் என்ற பொருளில் இவர்களுக்குப் பிரைம் டைம் பிளேயர்ஸ் என்று பெயர். நகைச்சுவைப் பகுதிக்குப் பொறுப்பு, மேடைச் சிரிப்பில் பழம் தின்று கொட்டை போட்ட ஆலன் கிங்.

இந்த மூவரை ஏ.பி.சி. நம்பியிருந்தால் இன்றைய சின்னத்திரைச் சிரிப்பின் வரலாறே வேறு என்பது என் துணிந்த முடிவு. ஆனால் சினாட்ரா நிற்கிற மேடையில் பில் மர்ரிக்கு யார் நேரம் கொடுப்பார்கள்? பாட்டுக்கும் வித்தைக்கும் விருந்தினருக்கும் போக மிச்சம் இருந்த இடுக்கில் சிரிப்பை வைத்தார்கள். குறு நாடகம் அப்படி வளராது. ஒரே முகங்கள் வாரா வாரம் வரவேண்டும். இந்த ஆள் வந்தால் இப்படித்தான் செய்வான் என்று பார்க்கிறவனுக்குப் பழக வேண்டும். பழகிய பிறகு அவன் வாய் திறப்பதற்கு முன்பே சிரிப்பு வரும். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

எங்கள் தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் திரைக்குப் பின்னால் இருக்கும்போதே கட்டியக்காரன் சபைக்கு வந்துவிடுவான். ஊர்ப் பேச்சில் பேசுவான், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரை வம்புக்கு இழுப்பான். ராஜா வந்தால் அவரையும் விடமாட்டான். திரௌபதி அழும் இடத்தில்கூட அவன் சபையை விட்டுப் போவதில்லை. அவன் வழியாகத்தான் ஊர் கூத்துக்குள் நுழைகிறது. கோசெலின் மேடையில் ராஜாக்கள் ஏராளம். கட்டியக்காரன் மட்டும் இல்லை. அந்த வேலையைச் செய்யக்கூடிய மூன்று பேரும் திரைக்குப் பின்னால் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நடுவில் நின்ற கோசெலோ ஆட்டத்தை வர்ணிக்கப் பிறந்தவர். எதிரே ஆட்டம் நடந்தால் அவருடைய குரலுக்கு உயிர் வரும். ஒரு பாடகரை அன்பாக வரவேற்று, சிரித்து, தோளில் கை போட்டு அழைத்துவருவது அவருக்கு வரவில்லை.

நேரமும் பகையாக நின்றது. சனிக்கிழமை இரவு எட்டு மணி. அதே எட்டு மணிக்குச் சி.பி.எஸ்.ஸில் தி ஜெஃபர்சன்ஸ். அதைத் தொடர்ந்து மேரி டைலர் மூர், பாப் நியூஹார்ட், பத்து மணிக்குக் கேரல் பர்னெட். ஒன்றை அடுத்து ஒன்றாகச் சிரிப்பு நிகழ்ச்சிகள் அடுக்கியிருந்த இரவு அது. என்.பி.சி.யில் அதே நேரத்தில் தீயணைப்புப் படை, முதலுதவி என்று பரபரக்கும் எமர்ஜென்சி தொடர். பழகிய முகங்களை விட்டுவிட்டு, குத்துச்சண்டை வர்ணனையாளர் என்ன செய்கிறார் என்று பார்க்கச் சனம் வரவில்லை. 1976 ஜனவரி 17 அன்று பதினெட்டாவது ஒளிபரப்போடு நிகழ்ச்சி முடிந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜனவரி 3-ஆம் தேதிப் பில்போர்டு பட்டியலில் பே சிட்டி ரோலர்ஸின் பாட்டு ஒன்று அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்திருந்தது. பாட்டின் பெயர் சாட்டர்டே நைட். கோசெல் அறிமுகம் செய்தவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

இனி அந்த வேறொரு நிகழ்ச்சியின் கதை. கோசெல் தொடங்கி மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 11 அன்று, என்.பி.சி. ஒரு புது நிகழ்ச்சியை ஆரம்பித்தது. அதுவும் சனிக்கிழமை, அதுவும் நியூயார்க், அதுவும் நேரலை. ஆனால் நேரம் இரவு பதினொன்றரை. அந்த நேரத்தில் அதுவரை, இரவு அரட்டை நிகழ்ச்சி நடத்திய ஜானி கார்சனின் பழைய நிகழ்ச்சிகளைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கார்சன் அதை விரும்பாததால் இடம் காலியானது. யாரும் பெரிதாக ஆசைப்படாத நேரம் என்பதால் லோர்ன் மைக்கேல்ஸ் என்ற இளம் தயாரிப்பாளருக்குக் கை நிறையச் சுதந்திரம் கிடைத்தது. அவர் விருந்தினரை ஓரத்தில் வைத்தார், நடிகர் குழுவை நடுவில் வைத்தார். சாட்டர்டே நைட் லைவ் என்ற பெயரைத்தான் வைக்க விரும்பினார்கள். அது கோசெலிடம் இருந்தது. அதனால் என்.பி.சி.யின் சனிக்கிழமை இரவு என்று வைத்துக்கொண்டார்கள். கோசெலின் குழுவுக்குப் பிரைம் டைம் நடிகர்கள் என்று பெயர் இருந்ததால், தங்கள் குழுவுக்கு இன்னும் பிரைம் டைமுக்குத் தயாராகாத நடிகர்கள் என்று பெயரிட்டார்கள். கோசெல் நிகழ்ச்சி மறைந்த பிறகு பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1977 மார்ச்சிலிருந்து இன்றுவரை அந்தப் பெயர் அவர்களுடையது. 2025-இல் பொன்விழாவும் கொண்டாடிவிட்டார்கள்.

குறைந்த காலம் ஓடிய சிரிப்பு நிகழ்ச்சிகள் எல்லாமே ஒரே காரணத்தால் சாவதில்லை. 1969 பிப்ரவரி 5 அன்று அதே ஏ.பி.சி. ஒளிபரப்பிய டர்ன்-ஆன், முதல் நாளைத் தாண்டவே இல்லை. கிளீவ்லாந்து நகர நிலையம் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டது. அங்கே கோளாறு நிகழ்ச்சியின் வடிவம்: அரங்கமைப்பு இல்லை, மின்னணு ஓசை, மூச்சுவிட இடமில்லாத வேகம். 1992-இல் ஃபாக்ஸ் தொடங்கிய பென் ஸ்டில்லர் ஷோ வேறு மாதிரி. ஞாயிறு மாலை, எதிரே அமெரிக்கக் குடும்பங்கள் பல வருடமாகப் பார்த்துப் பழகிய 60 மினிட்ஸ். பன்னிரண்டு பகுதியோடு நிறுத்தினார்கள். அடுத்த வருடம் அதன் எழுத்துக்கு எம்மி விருது வந்தது. விருது வாங்க எழுத்தாளர்கள் இருந்தார்கள், நிகழ்ச்சிதான் இல்லை.

1996-இல் நகைச்சுவை நடிகர் டேனா கார்வியின் நிகழ்ச்சி. மறுபடியும் ஏ.பி.சி.தான். ஹோம் இம்ப்ரூவ்மென்ட் என்ற, குழந்தைகளோடு பார்க்கும் தொடருக்கு அடுத்து இவரை வைத்தார்கள். முதல் நாள், முதல் காட்சியிலேயே அதிபர் கிளின்டன் வேடத்தில் வந்து நாய்க்குட்டிகளுக்கு முலை கொடுத்தார். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெற்றோர் என்ன செய்வார்கள்? நிகழ்ச்சியின் பெயரிலேயே தன் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்த டாக்கோ பெல் நிறுவனம் விலகிவிட்டது. எட்டு எடுத்தார்கள், ஏழு காட்டினார்கள். அந்தச் சிறு கூட்டத்தில் ஸ்டீவ் கரெல், ஸ்டீபன் கோல்பேர் இருவரும் நடிகர்கள். பின்னால் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிய சார்லி காஃப்மன் எழுத்தாளர்களில் ஒருவர். அந்தக் காட்சி பதினொன்றரை மணிக்கு வந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். இரவு ஒன்பதரைக்கு வந்ததால் கதை முடிந்தது. அதில் நான் பெற்றோர் பக்கம். எந்த வீட்டில் எந்த நேரத்தில் நுழைகிறோம் என்று தெரிந்துகொள்வதும் நகைச்சுவைக் கலைஞனின் வேலைதான்.

நம் நாட்டில் குறுகிய வாழ்வுக்குப் பேர்போனது ஜஸ்பால் பட்டியின் ஃபிளாப் ஷோ. 1989, தூர்தர்ஷன், பத்தே பகுதி. பட்டி சண்டிகரில் மின் பொறியியல் படித்தவர், பத்திரிகையில் கேலிச்சித்திரம் வரைந்தவர். ஒப்பந்தக்காரர், மருத்துவச் செலவுக்குப் பொய்க் கணக்குக் கொடுக்கும் அரசு ஊழியர், ஆராய்ச்சி மாணவனை வீட்டு வேலைக்கு அலையவிடும் பேராசிரியர் என்று வாரம் ஒருவரைப் பிடித்தார். முடிவில் திரைப்பாட்டு மெட்டில் ஒரு கேலிப் பாட்டு. வடநாட்டில் அது தோல்வியே அல்ல. பத்துப் பகுதியை வைத்துக்கொண்டே அவர் 2012-இல் விபத்தில் இறக்கும் வரை நினைக்கப்பட்டார், மறு வருடம் பத்மபூஷண் வந்தது. தமிழ்நாட்டில் அவரை எத்தனை பேருக்குத் தெரியும்? ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் இந்தி தெரியாமலே பார்த்தோம், கதை நம்முடையது என்பதால். பட்டியின் சிரிப்பு பஞ்சாபி கலந்த பேச்சுக்குள் இருந்தது. சண்டை, கண்ணீர், பக்தி இவற்றுக்கு மொழி தடையில்லை. பேச்சில் பிறக்கும் சிரிப்புக்கு உண்டு.

இதை எல்லையில் இருக்கிற எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று, ம.பொ.சி. நடத்திய போராட்டத்தின் பயனாகத் திருத்தணி வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. சேர்ந்த பிறகும் இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தெலுங்கும் தமிழும் ஒரே சாப்பாட்டு இலையில்தான். அந்த வீடுகளில் லொள்ளு சபாவுக்கும் சிரிப்பார்கள், ஈ டிவியின் ஜபர்தஸ்த்துக்கும் சிரிப்பார்கள். 2013 பிப்ரவரியில் தொடங்கிய ஜபர்தஸ்த் வருடக்கணக்கில் ஓடிய குறு நாடக நிகழ்ச்சி. அதில் நெடுநாள் நடுவராக உட்கார்ந்திருந்த ரோஜா, செம்பருத்தி படத்தில் தமிழுக்கு வந்தவர், திருத்தணிக்குப் பக்கத்துத் தொகுதியான நகரியில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அந்த நிகழ்ச்சி ஏன் நிலைத்தது, கோசெல் ஏன் சாய்ந்தார் என்று ஒப்பிட்டால் பதில் எளிது. அங்கே குழுக்கள்தான் முதலாளி. ஒவ்வொரு வாரமும் அதே தலைவர், அதே ஆட்கள், அதே கிண்டல். நட்சத்திரம் ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்கும். விஜய் டிவியின் லொள்ளு சபாவும் அப்படித்தான். அதன் இயக்குநர் ராம்பாலா எல்லோருக்கும் மனப்பாடமான படத்தை எடுத்துக்கொண்டு, பெயர் தெரியாத பையன்களிடம் கொடுத்தார். அந்தப் பையன்களில் சந்தானமும் யோகி பாபுவும் இருந்தார்கள்.

கோசெலின் மூவரும் வீணாகிவிடவில்லை. என்.பி.சி. நிகழ்ச்சியின் பெரிய நட்சத்திரமாக இருந்த செவி சேஸ் 1976-இல் விலகினார். அவர் இடத்துக்கு 1977 ஜனவரியில் வந்தவர் பில் மர்ரி. 1980-இல் பிரையன் டாயல்-மர்ரி நடிகராக அங்கே சேர்ந்தார். 1984-இல் கிறிஸ்டோபர் கெஸ்ட் சேர்ந்தார். ஏ.பி.சி. இடுக்கில் வைத்திருந்த மூன்று பேரையும் போட்டியாளர் ஒருவர் பின் ஒருவராக நடுமேடைக்கு அழைத்துக்கொண்டார்.

கோசெலும் குரலை இழக்கவில்லை. 1980 டிசம்பர் 8 இரவு, கால்பந்து ஆட்டத்தின் கடைசி நேரத்தில், ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை அமெரிக்காவுக்குச் சொன்னது அவர்தான். பீட்டில்ஸ் நால்வரையும் தன் சனிக்கிழமை மேடையில் மறுபடி சேர்த்துவிடலாம் என்று ஒரு காலத்தில் முயன்ற அதே மனிதர். 1985 ஏப்ரல் 13 அன்று, சாட்டர்டே நைட் லைவ் பத்தாவது பருவத்தின் கடைசி நிகழ்ச்சியை விருந்தினராக வந்து நடத்தினார். அந்தப் பருவத்து நடிகர் குழுவில் கிறிஸ்டோபர் கெஸ்ட் இருந்தார். பத்து வருடம் கழித்து, 1995 ஏப்ரலில், தம் 77-ஆம் வயதில் கோசெல் காலமானார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னைத் தூர்தர்ஷனிலும், 1993-இல் சன் டிவி வந்த பிறகு வரிசையாகத் தொடங்கிய தமிழ் அலைவரிசைகளிலும், சில வாரம் வந்து சொல்லாமல் நின்றுபோன சிரிப்பு நிகழ்ச்சிகள் பல உண்டு. அவற்றில் நடித்த நாடகக்காரர்கள், எழுதியவர்கள், ஒலி பிடித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒரு நிகழ்ச்சியில் வேலை செய்திருந்தால், அதன் பெயர், வந்த வருடம், கிழமை, நடித்தவர்கள் யார் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கைப்பிரதி இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எழுதியதன் நகல் ஒன்றை இந்த இதழுக்கும் அனுப்புங்கள்.

(தொடரும்)